கூட்டினால் தீராத பிழை

ஒரு காட்டில் எவ்வளவு கார்பன் அடங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு உலகெங்கும் பதில் ஓர் அளவு நாடாவில்தான் தொடங்குகிறது. மார்பளவு உயரத்தில், நம் நாட்டு வழக்கப்படி தரையிலிருந்து 1.37 மீட்டரில், அடிமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். முடிந்தால் உயரத்தையும் பார்க்கிறார்கள். அந்த இனத்தின் மர அடர்த்தியைப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டால் மரத்தின் உலர் எடை, அதாவது உயிர்த்திரள், கிலோ கணக்கில் வந்து நிற்கும். அதில் ஏறத்தாழப் பாதி கார்பன். இந்தச் சூத்திரம் தனியொரு மரத்தின் எடையைத் துல்லியமாகச் சொல்லாது என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்களே மறுப்பதில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: ஒரு மரத்துக்குக் கூடச் சொல்லும், இன்னொரு மரத்துக்குக் குறைத்துச் சொல்லும், ஆயிரம் மரங்களைக் கூட்டும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மரம் மரமாக லேசர் கருவி வைத்து அளப்பது வசதி படைத்த ஆய்வுக்கூடங்களின் ஆடம்பரம், காட்டுக் கணக்குக்கு நாடாவே போதும் என்பது அவர்கள் கட்சி. வனவியலில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் இந்தச் சமாதானம் தவறானது. எந்தப் பிழை கூட்டலில் கரையும், எந்தப் பிழை கரையாது என்ற அடிப்படைக் கேள்வியை அது கேட்கவே இல்லை.

முதலில் அந்தச் சூத்திரத்தின் பிறப்பைப் பார்ப்போம். மரத்தின் எடையை நேரடியாக அறிய ஒரே வழி அதை வெட்டிச் சாய்ப்பதுதான். அடிமரத்தையும் கிளைகளையும் துண்டு போட்டுப் பச்சை எடை பார்க்க வேண்டும். சில துண்டுகளிலிருந்து மாதிரி எடுத்து, அடுப்பில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, ஈரப்பதம் எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். இப்படிப் பல ஆய்வாளர்கள் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக வெட்டி எடைபோட்ட மரங்களை ஒன்றுதிரட்டி, சுற்றளவுக்கும் எடைக்கும் உள்ள உறவை ஒரு கோடாக வரைந்தால் சூத்திரம் கிடைக்கும். வெப்பமண்டலக் காடுகளுக்கு இன்று பெரிதும் வழங்குவது பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் ஷாவும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட சூத்திரம். 58 இடங்களில் வெட்டப்பட்ட 4,004 மரங்கள் அதற்கு அடித்தளம். இது மிகப் பெரிய உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த 4,004இல் பெரும்பாலானவை சிறிய, நடுத்தர மரங்கள். காரணம் எளிது. கையால் தூக்கக்கூடிய துண்டுகளாகும் மரத்தை ஒரு நாளில் எடைபோட்டுவிடலாம். 40 மீட்டர் உயர மரத்தை எடைபோட ஒரு படையே வேண்டும். கிழக்கு அமேசானில் வேலை செய்த ஆண்ட்ரூ பர்ட்டும் அவர் குழுவும் 2021இல் எழுதியபடி, முழுக்க முழுக்க எடைபோட்டு அளந்த பெரிய மரங்கள் என்று அதுவரை அமேசான் முழுவதற்கும் எடுத்துப் பார்க்கக் கிடைத்த தரவு வெறும் 10 மரங்களுக்குத்தான். ஆக, சூத்திரத்தின் கோடு சிறிய மரங்களின் கூட்டத்தில் உறுதியாக ஊன்றி நிற்கிறது. பெரிய மரங்கள் இருக்கும் பக்கத்தில் அது கிட்டத்தட்ட அந்தரத்தில் நீள்கிறது.

இப்போது அந்தச் சமாதானத்துக்கு வருவோம். பிழைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று சிதறல் பிழை: ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று விழுவது. மற்றொன்று சாய்வுப் பிழை: எப்போதும் ஒரே பக்கம் விழுவது. ஒரே எடையுள்ள 100 மரங்களில் ஒவ்வொன்றையும் 15 சதவீதச் சிதறலோடு அளந்தால், மொத்தத்தில் எஞ்சும் பிழை சுமார் ஒன்றரை சதவீதம்தான். அதே 100 மரங்களையும் 15 சதவீதம் குறைவாகவே அளந்தால் மொத்தமும் 15 சதவீதம் குறையும். பத்தாயிரம் மரங்களை அளந்தாலும் அந்த 15 அங்கேயே நிற்கும். கடைக்காரரின் எடைக்கல் தேய்ந்திருந்தால் நூறு முறை நிறுத்தாலும் சரக்கு சரியாகிவிடாது. கூட்டலில் எல்லாம் சரியாகிவிடும் என்கிற வாதம் தன் பிழை முதல் வகையைச் சேர்ந்தது என்று எந்த ஆதாரமும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறது. சூத்திரம் பிறந்த மரக் கூட்டமும் சூத்திரத்தை வைத்து அளக்கும் காடும் ஒரே மாதிரி இருந்தால் அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. வேறொரு நாட்டில், வேறொரு மண்ணில் வெட்டிய சிறிய மரங்களிலிருந்து வடித்த எண்ணை ஒரு முதிர்ந்த காட்டின் பெருமரங்கள் மேல் சுமத்தும்போது அந்த நியாயம் போய்விடுகிறது. டேவிட் கிளார்க், ஜேம்ஸ் கெல்னர் இருவரும் 2012லேயே இதைக் கண்டித்து எழுதினார்கள்: சூத்திரம் கணித்துத் தந்த எண்ணை அளந்தெடுத்த எண்ணாகப் பாவிக்கும் பழக்கம் வெப்பமண்டலக் காட்டு ஆய்வில் வேரோடிவிட்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு.

பெரிய மரங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவுதானே, அவற்றில் கொஞ்சம் பிசகினால் என்ன என்று கேட்கலாம். எண்ணிக்கையில் குறைவு, எடையில் அவைதான் காடு. உலகின் 48 பெரிய ஆய்வு நிலங்களின் கணக்கை ஜேம்ஸ் லட்ஸ் குழுவினர் 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட எல்லா மரங்களிலும் மிகப் பெரிய ஒரு சதவீதம் மட்டுமே தரைக்கு மேலுள்ள மொத்த உயிர்த்திரளில் பாதியைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்தது. அந்தப் பாதியும் சூத்திரங்கள் சொன்ன பாதிதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூத்திரங்கள் பெருமரங்களைக் குறைத்து எடைபோடுமானால் உண்மைப் பங்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பெருமரத்தின் எடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். பர்ட் குழு வெட்டி எடைபோட்ட நான்கு அமேசான் மரங்களில் சிறியது 3,960 கிலோ, பெரியது 18,584 கிலோ. அவற்றின் உயிர்த்திரளில் 42 முதல் 62 சதவீதம் வரை தலைக்கட்டில், அதாவது கிளைகளில் இருந்தது. நாடா தொடுவதோ அடிமரத்தின் ஒரே ஒரு வளையத்தை. ஒரே சுற்றளவும் ஒரே உயரமும் கொண்ட இரண்டு மரங்களில் ஒன்று ஒல்லியான தலையோடும், மற்றொன்று யானைக்கால் பருமனுள்ள கிளைகளோடும் நிற்கலாம். சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். நம் ஊர் ஆலமரத்தை நினைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். விழுதுகள் தூண்களாக இறங்கிய மரத்தில் 1.37 மீட்டரில் நாடாவை எதைச் சுற்றிப் பிடிப்பது?

லேசர் இங்கே என்ன செய்கிறது? முக்காலியில் நிறுத்திய கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை நொடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எல்லாத் திசைகளிலும் அனுப்புகிறது. துடிப்பு ஒரு பட்டையிலோ கிளையிலோ இலையிலோ பட்டுத் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அந்த இடத்தின் தூரம் தெரிகிறது. தூரமும் திசையும் தெரிந்தால் அது வெளியில் ஒரு புள்ளி. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மரத்தின் மறுபக்கம் மறைந்திருக்கும். ஆகவே கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒளியைப் பிரதிபலிக்கும் குறிகளின் உதவியால் எல்லாப் பார்வைகளையும் ஒன்றாக இணைக்கிறார்கள். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து காடு திரையில் எழுந்து நிற்கும். அதிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் தனியே பிரித்து, இலைப் புள்ளிகளை நீக்கி, மீதியுள்ள தண்டு, கிளைகள் மேல் சிறு சிறு உருளைகளைப் பொருத்துகிறார்கள். ஃபின்லாந்தின் பாசி ரவுமோனென் 2013இல் தன் குழுவோடு வெளியிட்ட முறை இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுகிறது. ஆயிரக்கணக்கான உருளைகளின் கன அளவைக் கூட்டினால் மரத்தின் கன அளவு. அதை அடர்த்தியால் பெருக்கினால் எடை. கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தக் கணக்கில் வேறெந்த மரத்தின் எடையும் நுழைவதில்லை. கண்ணெதிரே நிற்கும் மரத்தின் வடிவமே அதன் கணக்குக்கு மூலம். பெரிய மரம் என்பதால் அந்தரத்தில் நீள வேண்டிய கோடு எதுவும் இங்கே இல்லை.

இது வெறும் தத்துவம் என்று தள்ள முடியாது. மரங்களை லேசரால் அளந்த பிறகு வெட்டி எடைபோட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிம் கால்டர்ஸ் குழு 65 தைலமரங்களை இவ்வாறு சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. லேசர் சொன்ன மொத்தம் உண்மை எடையைவிட 9.68 சதவீதம் கூடுதல். வழக்கிலிருந்த சூத்திரங்கள் சொன்ன மொத்தமோ ஏறத்தாழ 30 முதல் 37 சதவீதம் வரை குறைவு. அறுபத்தைந்து மரங்களைக் கூட்டியும் சூத்திரப் பிழை கரையவில்லை என்பதைப் பாருங்கள். அதைவிட முக்கியம், சூத்திரத்தின் பிழை மரம் பருக்கப் பருக்க வேகமாக ஏறியது. லேசரின் பிழைக்கு மரத்தின் பருமனோடு தொடர்பு இல்லை. பெரு, கயானா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளில் 29 பெரிய வெப்பமண்டல மரங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்விலும் பொதுச் சூத்திரங்கள் குறைத்தே சொல்லின. லேசர் உண்மைக்கு நெருங்கி நின்றது. பர்ட் குழுவின் நான்கு மரங்களில், மரத்துக்கு மரம் லேசரின் சராசரிப் பிழை 3 சதவீதம், சூத்திரத்தின் பிழை 15 சதவீதம். நான்கையும் கூட்டியபோது லேசரின் பிழை 1 சதவீதமாக இறங்கியது; சூத்திரத்தின் பிழை 15லேயே நின்றது. கூட்டினால் சரியாகும் என்ற வாக்குறுதியை நிறைவேற்றியது லேசர். வாக்குறுதி கொடுத்தது சூத்திரம். நான்கே மரங்கள்தானே என்று கேட்பது நியாயம். நான்கு மரங்களை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பெழுத வேண்டாம். ஆனால் மூன்று கண்டங்களில், வெவ்வேறு இனங்களில், வெவ்வேறு குழுக்கள் செய்த சோதனைகள் ஒரே திசையைக் காட்டும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காடு உலகிலேயே நெருக்கமாக ஆராயப்பட்ட காடுகளில் ஒன்று. இலையுதிர்ந்த பருவத்தில் அங்கே 815 மரங்களை லேசரால் அளந்தவர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு, தரைக்கு மேலுள்ள உயிர்த்திரள் சூத்திரக் கணக்கைப் போல் 1.77 மடங்கு என்பது. இதை அப்படியே ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: வைத்தத்தில் மரங்களை வெட்டி எடைபோடவில்லை, லேசரைச் சூத்திரத்தோடு ஒப்பிட்டார்களே தவிர, இரண்டையும் உண்மையோடு ஒப்பிடவில்லை. ஆனால் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தேடினால் சூத்திரத்தின் பக்கமே விரல் நீள்கிறது. அந்தச் சூத்திரங்கள் 1960களில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தில் வெட்டிய மரங்களிலிருந்து வந்தவை; வைத்தத்தின் பெருமரங்களுக்கு ஈடான மரங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. லேசர் 10 சதவீதம் மிகைப்படுத்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 77 சதவீத இடைவெளியில் பெரும்பகுதி விளக்கமின்றி நிற்கும். இவ்வளவு காலம் இத்தனை அறிஞர்கள் நடந்து பார்த்த காட்டுக்கே இந்தக் கதி என்றால், பத்தாண்டுக்கு ஒருமுறைகூட ஆய்வாளர் கால் படாத காடுகளின் எண்களை எந்த நம்பிக்கையில் தசமப் புள்ளியோடு எழுதுகிறோம்?

இனி எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வலுவானது இது: லேசர் எடையை அளப்பதில்லை, வடிவத்தை மட்டுமே அளக்கிறது, அடர்த்தியைக் கடைசியில் பட்டியலிலிருந்துதானே எடுக்கிறீர்கள், பிறகு சூத்திரத்தைவிட அது எதில் உயர்ந்தது? உண்மைதான், மரத்தின் உள்ளே ஒளி போகாது. அடிமரத்துக்கும் நுனிக்கும், வைரத்துக்கும் வெளிக்கட்டைக்கும் அடர்த்தி மாறும். பர்ட் குழு தன் நான்கு மரங்களில் கண்டதும் ஒழுங்குக்கு அடங்காத மாற்றம்தான். உள்ளே கோறையாகிப்போன மரத்தையும் லேசர் முழு மரமாகவே எண்ணும். இந்த இடத்தில் சூத்திரத்துக்கு ஒரு சாதகம்கூட உண்டு: வெட்டி எடைபோட்ட மரங்களில் சில கோறையாக இருந்திருந்தால் அந்த இழப்பு சராசரியாகச் சூத்திரத்துக்குள் நுழைந்திருக்கும். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் வாதம் நிற்காது. சூத்திரமும் அதே பட்டியலிலிருந்து அதே அடர்த்தியைத்தான் எடுக்கிறது. அந்தப் பிழை இருவருக்கும் பொது. அதற்கு மேல் வடிவத்தையும் ஊகிக்கும் பிழை சூத்திரத்துக்கு மட்டும் உரியது. இரண்டு அறியாமைகளில் ஒன்றை நீக்கியதும் மற்றொன்று எங்கே இருக்கிறது, எவ்வளவு என்று தனியே தெரிய வருகிறது. கன அளவு உறுதியானால் அடர்த்தியை நோக்கி வேலை செய்யலாம். ஆப்பிரிக்க மரங்களில் உயரத்தோடு அடர்த்தி எப்படி மாறுகிறது என்று பார்த்து லேசர் கணக்கைத் திருத்தும் ஆய்வுகள் ஏற்கெனவே வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் குழைத்துவிட்ட சூத்திரத்தில் எதைத் திருத்துவது?

அடுத்தது கிளை நுனிகளைப் பற்றியது. இதுவும் மெய்யான குறைதான். லேசர்க் கற்றை ஊசிமுனை கிடையாது. இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட ரீகல் வி.இசட்-400 கருவியிலிருந்து கிளம்பும்போதே கற்றை 7 மி.மீ. அகலம், போகப் போக விரிந்து, 40 மீட்டர் தொலைவில் சுமார் 2 செ.மீ. அகலப் பொட்டாக விழும். அந்த உயரத்தில் ஒரு செ.மீ. பருமனுள்ள சுள்ளியின் ஓரத்தைப் பொட்டு உரசினாலும் போதும், கருவி கற்றையின் நடுவில் ஒரு புள்ளியைப் பதிவுசெய்துவிடும். சுள்ளி தன் பருமனைவிடத் தடித்துத் தெரியும். காற்றில் கிளை அசைந்தால் ஒரே கிளை இரண்டாகத் தெரியும். உருளை பொருத்தும் மென்பொருளிலும் தற்செயல் ஒன்று கலந்திருக்கிறது: புள்ளிகளைச் சிறு தொகுதிகளாகப் பிரிக்கும் முதற்படியே குலுக்கல் முறையில் நடப்பதால், அதே மரத்தை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு கன அளவு வரும்; பலமுறை ஓட்டிச் சராசரி எடுப்பது வழக்கம். இந்தக் குறைகளை அடுக்கிவிட்டு, ஆக லேசரும் நம்பத்தக்கதில்லை என்று முடிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றின் காரணமும் தெரியும், திசையும் தெரியும். சுள்ளி தடித்துத் தெரிவது கற்றையின் அகலத்தால். மெல்லிய கற்றையோடு கருவி வந்தால் குறையும், சில கிளைகளை வெட்டி அளந்து பார்த்தும் திருத்தலாம். காற்றில்லாத நேரத்தில் அளக்கலாம். மென்பொருளின் சிதறல் சராசரியில் அடங்கும். மேலும் பெருமரத்தின் எடை பருத்த தண்டிலும் கிளைகளிலும் குவிந்திருப்பதால், சுள்ளிப் பிழை மொத்தத்தைப் பெரிதாக உலுக்குவதில்லை. சிறு மரங்களுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் அது உண்மையான தலைவலி என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறு மரத்துக்கு நாடாவும் சூத்திரமும் நன்றாகவே வேலை செய்கின்றன. அவற்றை அங்கிருந்து யாரும் துரத்தவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் நுட்பமானது, அதனாலேயே ஆபத்தானது. மொத்த எண் தவறாக இருந்தால் இருக்கட்டும். நமக்கு வேண்டியது மாற்றம்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே சூத்திரத்தில் அளந்தால், சாய்வு இரண்டு பக்கமும் இருப்பதால் கழித்தலில் அது போய்விடும் என்கிறார்கள். எல்லா மரத்துக்கும் சாய்வு ஒரே அளவில் இருந்தால்கூட இது பாதி உண்மைதான். மொத்தத்தை 30 சதவீதம் குறைத்துச் சொல்லும் சூத்திரம் மாற்றத்தையும் 30 சதவீதம் குறைத்துத்தான் சொல்லும். சாய்வு மரத்தின் பருமனோடு ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். உண்மையில் 10 டன் உள்ள ஒரு முதிய மரத்தைச் சூத்திரம் 7 டன் என்று பதிவுசெய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெட்டிவிட்டு, ஈடாக இளமரங்கள் வளர்க்கிறோம். இளமரங்களைச் சூத்திரம் ஏறக்குறையச் சரியாக எடைபோடும். அவை மொத்தம் 7 டன்னை எட்டிய அன்று கணக்கு நேராகிவிட்டதாக ஏடு சொல்லும்; உண்மையில் 3 டன் இன்னும் கடன். இப்படி ஒவ்வொரு முறையும் பிழை ஒரே கட்சிக்கே உதவுகிறது: முதிய மரத்தை வெட்டுகிறவருக்கு இழப்பு குறைத்துக் காட்டப்படுகிறது, நடுகிறவருக்கு வரவு முழுதாக எழுதப்படுகிறது. ஈடுசெய்யும் காடு வளர்ப்புக்கென்று 2016இல் தனிச் சட்டமே இயற்றி, காட்டை வெட்டுவதற்கு விலையும் மாற்று நடவும் நிர்ணயிக்கிற நாடு நம்முடையது. இந்தச் சாய்வை வெறும் புள்ளியியல் நுணுக்கம் என்று இங்கே யாரும் அலட்சியப்படுத்த முடியாது. எல்லாக் காட்டிலும் சூத்திரம் குறைத்தே சொல்லும் என்று நான் வாதிடவில்லை. சில காடுகளில் கூட்டியும் சொல்லலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் தெரியாது என்பதே அளந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம்.

செலவைப் பற்றிய முறையீடு மிச்சமிருக்கிறது. வெப்பமண்டலக் காட்டில் ஒரு ஹெக்டேரை ஒழுங்காக அளக்க, 10 மீட்டருக்கு ஓரிடமாக 121 இடங்களில் கருவியை நிறுத்த வேண்டும். கருவி தலைக்கு நேர்மேலே பார்க்காது என்பதால் ஒவ்வோர் இடத்திலும் நிமிர்த்தி ஒருமுறை, சாய்த்து ஒருமுறை. மூன்று முதல் ஆறு நாள் வேலை; அதற்குப் பிறகு கணினியில் மரங்களைப் பிரித்தெடுக்கும் பாடு வேறு. நாட்டிலுள்ள எல்லாக் காட்டையும் இப்படி அளக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது, வேண்டியதுமில்லை என்பதே பதில். இந்தச் செலவை நாடாவின் செலவோடு ஒப்பிடுவது தவறு. மரத்தை வெட்டி எடைபோடும் செலவோடு ஒப்பிட வேண்டும். லேசர் செய்ய வேண்டியது சூத்திரத்தின் அடித்தளத்தைச் சரிசெய்வது. கேமரூனில் மோமோ டகுஜூவும் அவருடைய குழுவினரும் 61 மரங்களை லேசராலும் அளந்து, வெட்டியும் எடைபோட்டு 2018இல் காட்டியது இதைத்தான்: லேசர் அளவுகளிலிருந்தே புதிய சூத்திரம் வடிக்க முடியும், அது வெட்டி வடித்த சூத்திரத்துக்கு இளைத்ததில்லை. வெட்டி எடைபோட முடியாததால் அமேசான் முழுவதற்கும் 10 பெரிய மரங்களோடு நின்றுபோன இடத்தில், லேசரால் நூற்றுக்கணக்கான பெருமரங்களை உயிரோடு விட்டுவைத்தே அளக்கலாம்; அதே மரத்தைப் பத்தாண்டு கழித்துத் திரும்பவும் அளக்கலாம். வெட்டிய மரத்துக்கு இரண்டாவது அளவு கிடையாது.

இன்னும் சிலர், இந்தச் சண்டையே பழையது, இனி வானத்திலிருந்து எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். 2018இன் இறுதியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்திய கெடி லேசர், 2025 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள், அதே ஆண்டு ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதுவும் எடையை அளப்பதில்லை. கெடி, காட்டில் பட்டுத் திரும்பும் ஒளியின் வடிவத்திலிருந்து அதன் உயரத்தையும் அடர்வையும் பார்க்கிறது; மற்ற இரண்டும் ரேடார் அலையின் எதிரொலியைப் பார்க்கின்றன. இந்த எதிரொலி வந்தால் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று மொழிபெயர்க்கத் தரையில் அளந்த நிலங்கள் வேண்டும். அந்த நிலங்களில் டன் கணக்கு வந்த வழி நாடாவும் சூத்திரமும்தான். அடித்தளத்திலுள்ள சாய்வை வானத்திலிருக்கும் கருவி கண்டுபிடிக்காது. உலக வரைபடம் முழுவதும் அதை நேர்த்தியாகப் பரப்பிவிடும். செயற்கைக்கோள்கள் பெருகப் பெருக, தரையில் தனி மரத்தைச் சரியாக எடைபோடும் தேவை கூடுகிறதே தவிர குறையவில்லை.

நம் நாட்டுக் கணக்குக்கும் இது பொருந்தும். 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கூடுதல் கார்பனைக் காடுகளிலும் மரங்களிலும் சேர்ப்போம் என்று இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை நாட்டுக் காடுகளின் கார்பன் இருப்பை 728.55 கோடி டன் என்கிறது. அதில் மண்ணிலுள்ள கார்பனும் அடக்கம். தரைக்கு மேலுள்ள பங்கு இனவாரியான கன அளவுச் சூத்திரங்களை நம்பி நிற்கிறது. அந்தச் சூத்திரங்கள் எந்தப் பருமன் வரை சரிபார்க்கப்பட்டவை, அதற்கு மேற்பட்ட மரங்களில் எவ்வளவு பிசகுகின்றன என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எண்ணோடு சொல்ல வேண்டும். அதைக் கண்டறியப் புதிதாக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கும் அணைக்கும் சுரங்கத்துக்கும் அனுமதி பெற்று முதிய மரங்கள் ஏற்கெனவே சாய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சாலையோரப் புளியும் ஆலும் வேம்பும் லாரி லாரியாக ஏற்றப்பட்டு எடைமேடை ஏறுகின்றன. வெட்ட அனுமதிக்கும் ஆணையிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: ரம்பம் தொடும் முன் லேசர் அளவு, சாய்ந்த பின் எடைமேடைச் சீட்டு, அடி, நடு, கிளை மூன்றிலிருந்தும் ஒவ்வொரு வில்லை எடுத்து அடர்த்தியும் ஈரப்பதமும். சில ஆண்டுகளில் நம் மண்ணின் பெருமரங்களுக்கென்று உலகில் வேறெங்கும் இல்லாத தரவு கைக்கு வரும். வனத்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஓர் ஆணையில் முடிக்கக்கூடிய காரியம் இது. அதுவரை நம் பெரிய மரங்களின் எடை என்று ஏடுகளில் எழுதியிருப்பது யாரும் அளந்த எண் இல்லை. சிறிய மரங்களைப் பார்த்துப் பெரிய மரங்களைப் பற்றிச் செய்த ஊகம்.